ஐந்நூறு என்னும் எண்: சமூகப்பணிக் கல்வியின் வரலாறும் சென்னையின் மேற்குப் புறநகர்களும்

நலிந்தோர்க்குத் தொண்டு செய்ய அன்புள்ளம் மட்டும் போதுமா, பயிற்சியும் வேண்டுமா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. எருசலேம் சபையில் விதவைகளின் அன்றாடப் பந்தியில் குறை நேர்ந்தபோது, நற்சாட்சியோடு ஞானமும் உடைய எழுவரைத் தெரிந்துகொள்ளுமாறு அப்போஸ்தலர் பணித்தனர். இரக்கத்தோடு அறிவும் சேர்ந்தாலன்றிப் பங்கீடு நேர்மையாய் நடவாது என்பதை ஆதிச்சபை உணர்ந்திருந்தது. இவ்வுணர்வே பிற்காலத்தில் கல்வி நிலையங்களாக உருவெடுத்தது. 1836இல் செருமனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தியோடர் ஃபிலீட்னர் என்ற ஆயர், பெண்களைத் திருப்பணிவிடைக்குப் பயிற்றுவிக்கும் இல்லத்தைத் தொடங்கினார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் பயிற்சி பெற்றது அங்கேதான். 1898இல் நியூயார்க் நகரின் அறநிறுவனக் கழகம் நடத்திய ஆறு வாரக் கோடை வகுப்பு, சமூகப்பணியைத் தனித்துறைக் கல்வியாக்கிய முதற்படிகளுள் ஒன்று எனலாம்.

நாக்பாடாவில் பிறந்த கல்வி

இந்தியாவில் இக்கல்வி தோன்றியது பல்கலைக்கழக வளாகத்தில் அன்று. உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருவில். அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1925இல் பம்பாய்க்கு வந்து, நாக்பாடா பகுதியில் அண்டையர் இல்லம் ஒன்றை நிறுவினார். பல சமயத்தாரும் வந்து பழகிய அவ்வில்லத்தில் பணியாற்றிய அனுபவமே, இந்தியச் சூழலுக்கேற்ற பயிற்சி பெற்ற ஊழியர் தேவை என்னும் உறுதியை அவருக்கு அளித்தது. சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியோடு 1936இல் சமூகப்பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கப்பெற்றது. மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநரானார். வகுப்பறைப் பாடமும் களப்பணியும் இரு கண்களாகப் போற்றப்பட்டன. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1944இல் அப்பள்ளி டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நாட்டுப் பிரிவினையின்போது குருக்ஷேத்திர அகதி முகாமில் அதன் ஆசிரியரும் மாணவரும் ஆற்றிய தொண்டு, கல்வியின் பயனை நாட்டுக்குக் காட்டிற்று.

சென்னையில்

சென்னையிலும் இக்கல்வியின் வேர் திருச்சபையைத் தொட்டே நிற்கின்றது. 1923இல் சென்னைப் பேராயரின் துணைவியார் வாலர் அம்மையாரின் முயற்சியால் கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டர் சங்கம் அமைந்தது. 1935இல் கணவரை இழந்தபின் அச்சங்கத்தின் பணியில் தம்மை முழுமையாய் ஈடுபடுத்திக்கொண்டவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த மேரி கிளப்வாலா ஜாதவ். நல்லெண்ணம் படைத்த தன்னார்வத் தொண்டர் பலரோடு உழைத்த அவர், முறையான பயிற்சியின் இன்றியமையாமையைக் கண்டார். அவரது முயற்சியால், கில்டும் இந்தியச் சமூகப்பணி மாநாட்டின் சென்னைக் கிளையும் இணைந்து 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தோற்றுவித்தன. திருச்சபை வட்டாரத்தில் விதைக்கப்பட்டதைப் பிற சமயத்தார் பேணி வளர்த்தனர். இதில் நாம் வருந்துவதற்கு ஏதுமில்லை, நன்றி கூறுவதற்கே இடமுண்டு.

சட்டம் திறந்த வாசல்

ஆயினும் இக்கல்வியின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று இதற்கு முன்னரே நடந்துவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஒவ்வொரு ஆலையிலும் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என விதித்தது. சமூகப்பணி கற்றவர்க்கு இதனால் நிலையான ஊதியமுள்ள பதவி கிடைத்தது. தொழிலாளர் நலம் என்னும் பாடப்பிரிவை மாணவர் பெரிதும் நாடினர். நாளடைவில் அப்பாடம் பணியாளர் நிர்வாகமாகவும், பின்னர் மனிதவள மேலாண்மையாகவும் உருமாறித் தனிப் பட்டமாகவே பிரிந்தது. தொழிலாளியின் குறையைக் கேட்க நியமிக்கப்பட்டவர், நாளடைவில் நிர்வாகத்தின் குரலாக மாறும் நிலையும் தோன்றிற்று.

இதன் விளைவைச் சென்னையின் மேற்குப் புறநகர்களில் தெளிவாய்க் காணலாம். 1955ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை இலட்சியமாக அறிவித்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப் போன்ற பேராலைகளுக்கு அருகே 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது. பேராலைகளின் தொழிலாளர் சட்டத்தின் நிழலுக்குள் வந்தனர். தொழிற்பேட்டையின் தன்மையோ வேறு. அது பெரும்பாலும் சிறு பட்டறைகளால் ஆனது. இருபது பேரோ ஐம்பது பேரோ கடைசல் எந்திரத்தின் முன் நின்ற அப்பட்டறைகளில் 500 என்னும் எண் ஒருநாளும் நிறைவேறவில்லை. விரல் நசுங்கியவனுக்கும் கூலி நிலுவையானவளுக்கும் அங்கே நல அலுவலர் இல்லை. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 250ஆகக் குறைத்தது. அதுவும் சிறு பட்டறையின் வாசலை எட்டுவதில்லை. யார் மிகவும் நலிந்தவரோ, அவரே பயிற்சி பெற்ற ஊழியரிடமிருந்து மிகவும் தொலைவில் நின்றார்.

நமக்குரிய பாடம்

இதனைக் கொண்டு சமூகப்பணிக் கல்வியைக் குறைகூறுதல் நீதியன்று. மனநல மருத்துவமனைகளிலும், குழந்தைகள் இல்லங்களிலும், குடிசைப் பகுதிகளிலும் குறைந்த ஊதியத்திற்கு உழைத்த பட்டதாரிகள் பலர் உளர். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், நீதித்துறை நடுவரோடு சமூகப்பணியாளர் இருவரையும் வாரியத்தில் அமர்த்தியது, அவர்களது அறிவுக்குக் கிடைத்த ஏற்பு ஆகும். நாம் உணரவேண்டியது வேறொன்று. பயிற்சி ஊதியத்தைப் பின்பற்றிச் செல்லும். ஊதியம் சட்டத்தின் எண்ணைப் பின்பற்றிச் செல்லும். எண்ணுக்குள் அடங்காதவர் வெளியே நிற்பர்.

சபை மட்டும் எண்ணிக்கை பார்த்து ஊரில் அமைவதில்லை. அம்பத்தூரில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்க்கும், பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கும், ஆவடியில் ஒப்பந்தக் கூலியாய் உழைப்பவர்க்கும் ஏதேனும் ஒரு சபை அண்டைவீடாய் இருக்கின்றது. மான்ஷார்ட் தம் நிலையத்துக்கு அண்டையர் இல்லம் என்று பெயரிட்டதில் ஆழ்ந்த இறையியல் உண்டு. முதலில் அயலானாய் வாழ்ந்தார், பின்னரே ஆசிரியரானார். இறையியல் மாணவர் சமூகப்பணிப் பள்ளிகளிடம் முறைமையைப் பணிவோடு கற்கட்டும். யாரிடம் போகவேண்டும் என்பதை மட்டும், சட்டத்தின் எண்ணைக் கொண்டு அன்று, பந்தியில் மறக்கப்பட்ட விதவையைக் கொண்டு தீர்மானிக்கட்டும்.