மடைப்பள்ளித் துறவி

கிறிஸ்துநாதரை அடியொற்றி வாழ்வது எப்படி என்று தாமஸ் அ கெம்பிஸ் எழுதிய நூலை ஒரு நாள் மாலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி, "இதை எழுதினவருக்குச் சமைத்துப் போட்டது யாராம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். மடத்திலே அமர்ந்து ஏடுகளைப் பிரதி எடுத்தவர் தாமஸ். மடங்களின் சரித்திரத்தில் சமையற்காரனுக்குச் சாதாரணமாக இடம் கிடையாது. ஆனால் பாரீஸ் நகரத்து மடம் ஒன்றின் சமையற்காரர் எப்படியோ தப்பி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் நிக்கோலா ஹெர்மான். 1614-ஆம் ஆண்டு வாக்கில் லொரேன் நாட்டில், லூனேவில் என்ற ஊருக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அவர் வளர்ந்த காலம் முப்பதாண்டுப் போர் நடந்த காலம். ஒரு படை போனால் இன்னொரு படை வந்தது, இரண்டும் கொள்ளையடித்தன. அதே லொரேனைச் சேர்ந்த ஓவியர் ழாக் கலோ 1633-இல் போரின் கொடுமைகளைப் பதினெட்டுப் படங்களாக வெளியிட்டார். அவற்றில் ஒன்றில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. கிளை தோறும் மனிதர்கள் கொத்துக் கொத்தாகத் தூக்கில் தொங்குகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிக்கோலாவும் போர்வீரனாக இருந்தார். ஒரு முறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றன் என்று பிடித்து, தூக்கிலிடுவதாக மிரட்டிப் பின்பு விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்டவருக்குப் பதினெட்டாம் வயதிலே, ஒரு குளிர்காலத்தில், இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்று கண்ணில் பட்டது. இன்னும் கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்திலேயே கடவுள் அவர் நெஞ்சில் புகுந்துவிட்டார். அந்த நாட்டில், அந்த வருஷங்களில், மரத்தைக் கண்டால் கயிறு நினைவுக்கு வராமல் துளிர் நினைவுக்கு வந்ததே, அதுதான் எனக்கு ஆச்சரியம்!

போரிலே காயம்பட்டு வெளியேறி, ஒரு பிரபுவின் வீட்டில் பணியாளாக இருந்தார். எடுத்த சாமானையெல்லாம் போட்டு உடைப்பாராம். 1640-இல் பாரீஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்று பெயரிட்டு, அவரைச் சமையற்கட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருக்கோ சமையல் என்றாலே வெறுப்பு! ஆனாலும் பதினைந்து வருஷம் அதைச் செய்தார். வேலை தொடங்குமுன் ஒரு சிறு பிரார்த்தனை. வேலையின் நடுவே மனத்துக்குள் கடவுளோடு பேச்சு. தவறிவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி கரண்டியைப் பிடிப்பது. இவ்வளவுதான் அவருடைய சாதனை முறை. நாலு பேர் நாலு சாமான் கேட்டுக் கூச்சலிடும்போதும், கோவிலில் மண்டியிட்டிருக்கும்போதும் தமக்கு ஒரே அமைதிதான் என்றார்.

அந்த அமைதி சுலபமாக வந்துவிடவில்லை. தமக்கு நரகம்தான் நிச்சயம் என்ற திகில் நாலு வருஷம் அவரை வாட்டியது. யார் தேற்றியும் தேறவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: மோட்சமோ நரகமோ, உயிருள்ளவரை கடவுளிடம் அன்பு வைப்பதை விடப்போவதில்லை. தன்னலமற்ற அன்பு என்று நாம் மேடையிலே பேசுகிறோமே, தன் மோட்சத்தைக்கூடக் கணக்கில் சேர்க்காத அன்பு எத்தனை பேருக்கு வரும்? அதற்குப் பிறகு தரையில் கிடந்த துரும்பை எடுத்துப் போடுவதும் அவருக்குப் பூஜையாயிற்று.

உயிர்த்தெழுந்த இயேசு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்களுக்காகக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார் என்று யோவான் எழுதியிருக்கிறார். மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அங்கே சாப்பிட்டார். இந்தச் சமையற்காரத் துறவிக்கு உயிர்த்தெழுதலின் பெயரையே வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களா என்று எண்ணிக்கொள்வேன்.

லாரன்ஸ் பேசியதை 1666-லும் 1667-லும் பொஃபோர் என்ற பாதிரியார் கேட்டுக் குறித்து வைத்தார். 1691-இல் லாரன்ஸ் காலமான பிறகு அது புத்தகமாயிற்று. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மடத்துக்கு ஒயின் வாங்கி வர அவரை பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள். வியாபாரம் தெரியாது, காலோ ஊனம். படகில் நடமாட முடியாமல், பீப்பாய்களின் மேலே உருண்டு உருண்டு போகிறார். 'இது உன் காரியம்' என்று கடவுளிடம் சொல்லிவிட்டு மேலும் உருளுகிறார். என் நாவலில் ஒரு மகானை இப்படி உருள விட எனக்குத் துணிச்சல் வராது.

"ஒயின் ஒழுங்காக வந்து சேர்ந்ததா?" என்றாள் என் மனைவி.

"காரியம் நன்றாகவே முடிந்ததாம்."

"சரி, அந்தத் தேங்காயைத் துருவிக் கொடுங்கள்."

துருவினேன். பாதி மூடிக்கு மேல் பொறுமை இருக்கவில்லை.