அடையாற்றுக் கழிமுகத்தில் பறவை நோக்கல்

அடையாற்றுக் கழிமுகம் சென்னையின் தென்பகுதியில் அடையாறு வங்காள விரிகுடாவுடன் கலக்கும் இடமாகும். கே. கே. நகருக்குத் தெற்கே ஓடும் இவ்வாறு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகச் சென்று, பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையே கடலை அடைகிறது. இதன் தென்கரையில் பிரம்மஞான சபையின் மரச்சோலை உள்ளது. கடற்கரை, சேற்றுநிலம், சோலை ஆகிய மூன்றும் அருகருகே இருப்பதால், வெவ்வேறு வாழிடப் பறவைகளை ஒரே காலைப்பொழுதில் இங்குக் காணலாம்.

கழிமுகப் பறவைகள்

செப்டம்பர் முதல் வலசை வரும் கரைப்பறவைகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி வகைகள் ஆகியன இவற்றுள் அடங்கும். ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியின் தூந்திர நிலங்களில் இனப்பெருக்கம் செய்கிறது. புறப்படும் முன் இப்பறவைகள் சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு பூச்சிகளையும் உண்டு உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. அதுவே நெடும்பயணத்தின் எரிபொருளாகும். குளிர்காலத்தில் சாம்பல் நிறமாயிருந்த சிறகுகள் இக்காலத்தில் செம்பழுப்பாக மாறுவதால், இனங்களை அடையாளம் காண்பதில் புதியவர்கள் குழப்பமடைவதுண்டு.

சோலைப் பறவைகள்

பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 இல் அடையாற்றுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 260 ஏக்கர் பரப்புள்ள இவ்வளாகம் பெரிய ஆலமரத்துக்குப் பெயர் பெற்றது. அதன் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தாலும், விழுதுகள் மரத்தைத் தாங்கி வருகின்றன. குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில் முதலியன இத்தகைய சோலைகளில் தங்கிச் செல்கின்றன. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி அப்பெயர் பெற்றது. வலசைப் பறவைகள் விடைபெறும் அதே நாட்களில் உள்ளூர்ப் பறவைகளான குயிலும் குக்குறுவானும் ஓயாமல் கூவத் தொடங்குகின்றன.

நோக்கும் முறை

கடல்நீர் வற்றும் வேளையில் சேறு வெளிப்பட்டுப் பறவைகள் இரை தேடும். எனவே ஓத நேரத்தை அறிந்து செல்வது பயன் தரும். 1967 இல் கட்டப்பட்டு 1977 இல் இடிந்த உடைந்த பாலத்தின் அருகிலிருந்து கழிமுகத்தைப் பார்க்கலாம். மணலில் இளைப்பாறும் ஆலாக்களையும் கடற்காகங்களையும் நெருங்கிக் கலைப்பது, அவை சேமித்த ஆற்றலை வீணாக்கும். சபை வளாகம் தனியார் இடமாதலால் அனுமதி நேரத்தைக் கேட்டறிந்து செல்லவேண்டும். 1978 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் உறுப்பினர்கள் இப்பகுதிப் பறவைகளைப் பதிவு செய்து வந்துள்ளனர்.

அச்சுறுத்தல்கள்

மழைக்காலம் முடிந்து ஆற்றின் நீரோட்டம் குறையும்போது, கடலலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. அப்போது ஓதம் உள்ளே வருவதில்லை, சேறு வெளிப்படுவதும் நின்றுவிடும், கழிவுநீரும் தேங்கும். இதனால் பறவைகள் பயணத்துக்கு ஆயத்தமாகும் வேளையிலேயே இரைநிலம் சுருங்குகிறது. கட்டடக் கழிவு கொட்டுதலும் கரை ஆக்கிரமிப்பும் பிற இடர்களாகும். அருகிலுள்ள அடையாறு ஓடையின் 58 ஏக்கர் பகுதி சீரமைக்கப்பட்டு, 2011 இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. எனினும் கரைப்பறவைகளுக்குத் தேவையான ஓதச் சேற்றுநிலத்துக்குச் சோலையும் பூங்காவும் ஈடாகா. முகத்துவாரம் திறந்திருப்பதே அவற்றின் வருகைக்கு அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

கிண்டி தேசியப் பூங்கா
பள்ளிக்கரணை சதுப்புநிலம்
வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்