கொப்பியில் நின்றுபோன கணக்கு

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், சொற்பப் பணத்தோடும் மாற்றுடுப்போடும் ஊரைவிட்டுப் போனார்கள். அந்த மாத இறுதிக்குள் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் அதிகம். இழந்த வீடு, காணி, நகை, பள்ளிவாசல் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் ஆய்வும் செய்தார்கள். ஆனால் கொடுக்கல் வாங்கல் பற்றிய பேச்சு குறைவு.

சோனகத் தெருவும் அதன் அயலும் வியாபாரத்தால் வாழ்ந்தவை. இரும்புக்கடை, தையற்கடை, நகைக்கடை என்றால் கடன் கொப்பியும் கூடவே இருக்கும். தமிழ் வாடிக்கையாளர் தரவேண்டியது ஒரு பக்கம், தமிழ் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியது மறுபக்கம். அன்று இரண்டும் ஒரே நாளில் அறுந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ போவதால் கடன் அழிவதில்லை. வழக்குப் போடும் உரிமைக்குத்தான் ஆயுள் உண்டு. அதை வகுத்திருப்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்து மூல உடன்படிக்கைக்கு ஆறு ஆண்டு, வாய்ப்பேச்சுக்கு மூன்று ஆண்டு, கடைக்கொப்பிக் கடனுக்கு ஒரே ஓர் ஆண்டு. அதாவது, புத்தளத்து முகாமில் கிடுகுக் குடிசை கட்டி ஓராண்டு கழிவதற்குள் பெரும்பாலான கொப்பிகள் சட்டத்தின் கண்ணில் வெறும் கடதாசியாகிவிட்டன. வழக்குப் போடுவதானால் எதிராளி வசிக்கும் இடத்திலோ கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோ உள்ள நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த இடமோ 1995 வரை புலிகளின் ஆட்சியில் இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காணி வழக்கில், கடல் கடந்து இருப்பவருக்கு அதே சட்டம் சலுகை காட்டுகிறது; அவர் திரும்பும்வரை காலக்கணக்கு ஓடாது. புத்தளம் கடலுக்கு அப்பால் இல்லை. துரத்தப்பட்டவன் சொந்த நாட்டிலேயே இருந்ததால் அந்தச் சலுகை அவனுக்கில்லை.

இந்தக் குறையை 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு தீர்க்க முயன்றது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போகமுடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்து, வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. ஆனால் அது அசையாச் சொத்துக்கு மட்டுமே. காணியை நினைத்த பாராளுமன்றம் கடன் கொப்பியை நினைக்கவில்லை.

ஆகவே மிஞ்சியிருப்பது மனச்சாட்சி. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மைத் துரத்திய ஊராரின் அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அப்படி ஒருவரை விட்டுவரும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. அதனால் நம்மவர் கொடுக்கவேண்டியதும் நம் பொறுப்பில்தான் நிற்கிறது. சொத்துப் பங்கீட்டுக்கு முன் மரணித்தவரின் கடன் தீரவேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை.

காலம் கடந்த கடனுக்கும் சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது: கடனாளி எழுத்தில் புதிதாக வாக்களித்தால் அது மீண்டும் உயிர்பெறும். இன்று அந்தக் கடனாளிகள் யாழ்ப்பாணத்திலும் இருக்கலாம், கொழும்பிலும் இருக்கலாம், டொரொன்டோவிலும் இருக்கலாம். கொடுக்கல் வாங்கலை நேரில் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. யாருக்கு யார் எவ்வளவு என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதிவைப்பது நமது முதல் வேலை.