துண்டு, தோல், மைக்ரோஃபைபர்: காரைத் துடைச்ச கதை

காரைத் துடைக்கறதுக்கெல்லாம் ஒரு வரலாறான்னு கேக்கறீங்களா? இருக்கு மக்களே. கழுவும்போது காட்டுற அக்கறையைத் துடைக்கும்போது நாம காட்டறதில்லை. பெயிண்ட்ல கீறல் விழறது நிறைய அங்கதான்.

முதல்ல குதிரை வண்டி. 1840-ல சென்னைல ஆரம்பிச்ச சிம்ப்சன் கம்பெனி கோச் வண்டி கட்டித்தான் பேர் வாங்கினது. 1903-ல அவங்களே ஒரு நீராவி காரும் செஞ்சாங்க. அந்தக் காலத்து கோச் வண்டிகளுக்கு வார்னிஷ் பல பூச்சு. ஒவ்வொண்ணும் காயணும், தேய்க்கணும், மறுபடி பூசணும். வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்டதைக் கரட்டுத் துணியால் துடைப்பாங்களா? அதுக்குன்னே மெதுவான தோல் வெச்சிருந்தாங்க. அதுதான் ஷாமாய். ஐரோப்பிய மலைகள்ல இருக்கற ஷமோய்ங்கற ஆட்டு வகையோட பேர் அது. பின்னாடி செம்மறித் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்திச் செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னிக்குக் கடையில் டப்பாக்குள்ள ஈரமா விக்கற மஞ்சள் ஷாமாய் தோலே இல்லை, செயற்கைச் சரக்கு.

1923-ல டூபான்ட் கம்பெனியோட ட்யூகோ லேக்கர் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்ல வந்தது. சீக்கிரம் காயும், கலரும் கிடைக்கும். நம்ம பக்கம் அம்பாசடர், 1961-ல சென்னைல தயாரிக்க ஆரம்பிச்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்துல, கலர்தான் மேல் அடுக்கே. பாலிஷ் போட்டா துணியில் வண்டிக் கலர் ஒட்டும். கீறல் விழுந்தா தேய்ச்சு எடுத்துடலாம். தோள்ல கிடக்கற துண்டை எடுத்துத் துடைக்கற பழக்கத்தை அந்தப் பெயிண்ட் ஓரளவு தாங்கினது.

இப்ப அப்படி இல்லை. கலருக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத ஒரு அடுக்கு. தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதுல கொஞ்சம் போகும். முழுசா போயிட்டா அந்த பேனலுக்குத் திரும்ப பெயிண்ட்தான்.

இதுல எங்க ஊருக்கு என்ன சம்பந்தம்? வரதராஜன்பேட்டையைச் சுத்தி செம்மண்ணும் முந்திரித் தோப்பும். அந்த மண்ணுல இருக்கற மணல் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை 7. கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம்? அரியலூர் பக்கம் போனா வேற கதை. கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி கடலா இருந்த இடம், அதனால சுண்ணாம்புக்கல். 1939-ல டால்மியாபுரத்துல சிமெண்ட் ஆலை வந்ததுக்கும் அந்தக் கல்தான் காரணம். அது கடினத்தன்மை 3 தான். ஆனா அது கரைஞ்ச போர் தண்ணி வெயில்ல காய்ஞ்சா வெள்ளை வெள்ளையா உப்புக்கறை. ஆக, துடைச்சா மண் கீறும், துடைக்காம விட்டா தண்ணி கறையாக்கும் :-)

எங்க தெருவுல டூரிஸ்ட் வண்டி ஓட்டற அண்ணன் ஒருத்தர். கறுப்புக் கார், பேங்க் லோன். தினமும் காலையில பிள்ளையைக் குளிப்பாட்டற மாதிரி துடைப்பார், வேஸ்ட் துணியால. மூணு வருஷம் கழிச்சு விக்கப் போனப்ப, வாங்க வந்தவர் செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தார். பானட் பூரா சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல். சில ஆயிரத்தைக் குறைச்சுட்டார். "அக்கறையா பாத்துக்கிட்டதுக்கு அபராதமா தம்பி?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன்.

விடை ஜப்பான்ல கிடைச்சது. 1970-ல டோரே கம்பெனியின் மியோஷி ஒகமோட்டோ மிக மெல்லிய இழையால் செயற்கை ஸ்வேட் துணி செஞ்சார். அந்த வழியில் வந்ததுதான் இன்னிக்கு மைக்ரோஃபைபர் டவல். ஷாமாய் தட்டையா இருக்கறதால மண் துகள் நடுவுல சிக்கி பெயிண்ட்லயே உரசும். டவல்ல இழை குச்சம் குச்சமா நிக்கறதால துகள் உள்ளே போயிடும்.

செய்முறை இதுதான்:

நிழல்ல நிறுத்துங்க. கடைசி அலசலுக்கு ஓஸ் முனையில் மூடி எதுவும் மாட்டாம, மேலேயிருந்து தண்ணியை மெதுவா வழிய விடுங்க. பாதித் தண்ணி தானே இறங்கிடும். அப்புறம் டவலை விரிச்சுப் போட்டு ஒத்தி எடுங்க, இல்லன்னா அழுத்தாம நேரா இழுங்க. வட்டமா தேய்க்காதீங்க. ரூஃப்ல ஆரம்பிச்சு கீழே வாங்க. சக்கரத்துக்குத் தனித் துணி. டவல் தரையில் விழுந்தா அன்னிக்கு அது அவுட். அதைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி சாஃப்ட்னர் வேண்டாம், இழையை மூடிடும்.

முக்கியமா, தூசி படிஞ்ச காரைக் கழுவாம வெறுமனே துடைக்காதீங்க. அண்ணனோட கேள்விக்குப் பதில் அதுதான். அக்கறையில் குறை இல்லை, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவுல எங்க ஊர் செம்மண் இருந்தது. இப்ப புது வண்டிக்கு ரெண்டு டவல் வாங்கிக் கொடுத்திருக்கேன். பழைய வேஸ்ட் துணி டயருக்குப் போயிடுச்சு.