இளம்பிள்ளைவாதமும் யூத வைத்தியர் இருவரும்

மட்டுநகர் வாவிக்கரைப் பாடசாலைகளில் இன்று பயிலும் சிறார் இளம்பிள்ளைவாத நோயைக் கண்டறியார். இலங்கையில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில். அது அகலப் பெரிதும் காரணராயினோர் யூத வைத்தியர் இருவர்: ஜோனாஸ் சால்க், அல்பேர்ட் சேபின். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பல யூத மாணவர்க்கு இடத்தை மட்டுப்படுத்தியிருந்த அக்காலத்தில், இருவரும் கற்றது நியூயோர்க் பல்கலைக்கழகத்திலாகும்.

சால்க் தம் ஊசிமருந்தைத் தம் புதல்வர் மூவர்க்கும் ஏற்றத் தயங்கவில்லை. 1954இல் அம்மருந்து அமெரிக்கப் பாடசாலைகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 18 இலட்சம் சிறார் அச்சோதனையிற் பங்குகொண்டனர். பல இடங்களில் ஒரு பகுதியினர்க்கு மருந்தும் மற்றையோர்க்கு வெறுந்திரவமும் ஏற்றப்பட்டன. எவர்க்கு எது என்பதை ஊசியிட்டவரும் அறியார். வெறுந்திரவத்துக்குக் கைநீட்டிய பிள்ளையின் பங்கும் வைத்தியரின் பங்கிற் குறைந்ததன்று என்பது நம் துணிபு. மருந்து பயன் தந்ததென்ற முடிவு 1955 ஏப்பிரல் 12இல் வெளியாயிற்று.

சேபின் தந்ததோ வாய்வழிச் சொட்டுமருந்து. சில நாடுகளில் அதைச் சர்க்கரைக் கட்டியில் இட்டுக் கொடுத்தனர். (ஊசியைக் கண்டு ஓடும் பிள்ளை சர்க்கரையைக் கண்டு ஓடுமா?) அம்மருந்துக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1962இல் இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாய்ப் பரவியபோது, நம் தீவுச் சிறாரின் நாவில் விழுந்தது அந்தச் சொட்டே.