மருந்தும் சொல்லும்

நோய்க்கிருமிகளை வெல்லும் மருந்து கண்டறியப்பட்ட வரலாறு பலரும் அறிந்தது. அம்மருந்தையே கிருமிகள் வெல்லும் என்னும் எச்சரிக்கை அதனோடு உடன்பிறந்தது என்பதைச் சிலரே அறிவர். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அது மக்களுக்குப் பரவலாகக் கிட்டுமுன்பே, 1940இல், ஆபிரகாம், செயின் என்னும் ஆய்வறிஞர் இருவர் பெனிசிலினைச் சிதைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு என எடுத்துரைத்தனர்.

1945 டிசம்பரில் நோபெல் பரிசு உரை நிகழ்த்திய ஃபிளெமிங், அதன் இறுதிப் பகுதியில் ஒரு கதை சொன்னார். தொண்டைப் புண்ணுற்ற ஒருவன் தானே பெனிசிலின் வாங்கி உட்கொள்கிறான். அந்த அளவு கிருமிகளைக் கொல்லப் போதவில்லை. எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்கப் போதுமானதாயிற்று. அக்கிருமிகள் மனைவியைப் பற்றுகின்றன. நிமோனியா கண்ட அவளுக்குப் பெனிசிலின் பயன்படவில்லை, அவள் இறக்கிறாள். அச்சாவுக்குக் கணவனே பொறுப்பு என்பது ஃபிளெமிங்கின் தீர்ப்பு. ஆனால் அக்கணவனுக்கு உண்மையை எடுத்துச் சொன்னவர் யார்? எச்சரிக்கை அறிஞர் அவையில் ஒலித்தது. மருந்தோ கடைவீதிக்குச் சென்றது.

1948இல் வெளியான பிரித்தானிய ஆய்வு அதே பாடத்தைக் காசநோயில் காட்டியது. ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றோர் முதலில் தேறினர். பின்னர்ப் பெரும்பாலோரின் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்க மறுத்தன. ஒரு மருந்தைத் தனித்து வழங்காது மற்றொன்றுடன் இணைத்து வழங்கும் முறை அதன்பின் உருவாயிற்று.

அம்முறைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: நோயாளி பல மாதங்கள் தவறாது மருந்துண்ண வேண்டும். ஏழையர் வீட்டில் அது இயலுமா? இவ்வினாவுக்கு விடை தந்த நகரம் சென்னை. 1956இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், சானடோரியத்தில் தங்கியோரையும் நெருக்கடி மிகுந்த தம் இல்லங்களில் மருந்துண்டோரையும் ஒப்பிட்டது. வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என 1959இல் அறிவித்தது. பணியாளர்கள் வீடுதேடிச் சென்றனர், மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மருந்துடன் சொல்லும் வாயில்வரை சென்றது.

மற்ற நோய்களில் அத்தகைய அக்கறை நிலைபெறவில்லை. 2010இல், வலிய மருந்துகளையும் முறிக்கும் நொதியைத் தரும் மரபணுவுடைய கிருமிகள் சென்னை, ஹரியானா உள்ளிட்ட இடங்களில் காணப்பட்ட செய்தி ‘லான்செட்’ குழும இதழொன்றில் வந்தது. நொதிக்குப் புதுதில்லியின் பெயர் இடப்பட்டதால் எழுந்த பூசல் நோயைப் பற்றிய பேச்சை மறைத்தது. எனினும் 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வகுத்தன. 2014 முதல் குறிப்பிட்ட சில நுண்ணுயிர்க்கொல்லிகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதுவது கடைக்காரரின் கடமையாயிற்று. 2015இல் உலக நலவாழ்வு அமைப்பின் செயல்திட்டம் விழிப்புணர்வையே தன் முதல் குறிக்கோளாகக் கொண்டது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்காகக் காண்கிறது. இவ்வரலாற்றில் முதல் மூன்றும் குறைவின்றி இருந்த காலத்தும் நான்காமிடம் வெறுமையாய்க் கிடந்தது. அவ்விடத்தில் மொழிக்கும் பணியுண்டு. ‘நோயெதிர்ப்பு’ என்பது உடல் பெறும் வலிமை. ‘மருந்தெதிர்ப்பு’ என்பது கிருமி பெறும் வலிமை. ‘எதிர்ப்பு’ என்னும் ஒரே சொல் இரண்டிலும் நிற்பதால் தீங்கும் நன்மைபோல் ஒலிக்கிறது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் காரணம் பெரும்பாலும் வைரசே. நுண்ணுயிர்க்கொல்லி அதனை அணுகாது. இவ்வேறுபாடுகளை மயக்கமின்றி மக்கள் நாவில் வழங்கச் செய்வது, சொல்லையே தொழிலாகக் கொண்டோர் ஏற்கத்தக்க கடன்.