ஒளியும் நிழலும் எழுத்தான வரலாறு

ஓவியன் ஒரு மாம்பழத்தை வரையும்போது வெளிச்சம் படும் பக்கத்தை வெளிறச் செய்து, மறுபக்கத்தைக் கருக்கிக் காட்டுகிறான். தட்டையான தாளில் திரட்சி தோன்றுவது அவ்வேறுபாட்டினால்தான். அவனுடைய கை அறிந்த இந்நுட்பத்தைக் கணினிக்கு எங்ஙனம் கற்பிப்பது? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியிலே பிறந்ததுதான் 'ஷேடர்' எனப்படும் கோப்பு.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஆன்ரி கூரோ என்பார், சிறுசிறு தளங்களால் ஆன உருவத்தின் முனைகளில் ஒளியளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட பகுதிகளில் அதனைச் சீராகப் பரப்பும் முறையை வகுத்தார். 1973இல் அதே பல்கலைக்கழகத்தில், வியட்நாமில் பிறந்த புய் துவோங் போங், பளபளப்பான பொருள்மீது மின்னும் ஒளித்திட்டையும் காட்ட வழி கண்டார். 1975இல் இளமையிலேயே அவர் மறைந்தார். அவர் பெயர் அம்முறையோடு இன்றும் நிலைத்திருக்கிறது.

எனினும் ஒரு குறை இருந்தது. இத்தகைய சூத்திரங்கள் படம் வரையும் நிரலுக்குள்ளேயே பதிந்து கிடந்தன. மரத்துக்கும் துணிக்கும் பளிங்குக்கும் தனித்தனி இயல்பு காட்ட விரும்பினால், நிரலையே திருத்த வேண்டியிருந்தது. 1984இல் ராபர்ட் குக், பரப்பின் இயல்பைத் தனியே விவரித்து விருப்பம்போல் மாற்றியமைக்கும் வழியைக் காட்டினார். 1988இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட 'ரெண்டர்மேன்' இதற்கென்றே ஒரு மொழியை வழங்கியது. அம்மொழியை விளக்கும் கட்டுரையைப் பேட் ஹன்ரஹனும் ஜிம் லாசனும் 1990இல் வெளியிட்டனர்.

அக்கோப்பினுள் இருப்பது படமன்று, விதியே ஆகும். பரப்பின் நிறம், சொரசொரப்பு முதலிய அளவுகளை முதலிற் கூறி, ஒளி படும்போது அப்பரப்பு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அது வரையறுக்கும். சான்றாக, மங்கலான பரப்பொன்றில் ஒளி செங்குத்தாக விழுமிடம் முழு வெளிச்சம் பெறும். 60 பாகை சாய்ந்து விழுமிடம் அதில் பாதியே பெறும். இலக்கியத்தின் பின்னே இலக்கணம் நிற்பதுபோல், காட்சியின் பின்னே இவ்விதி நிற்கிறது.

மனிதர் படிக்கத்தக்க மூலக்கோப்பு 'எஸ்.எல்.' என்னும் பின்னொட்டைப் பெறும். தொகுப்பி அதனை மாற்றி, 'எஸ்.எல்.ஓ.' என முடியும் மற்றொரு கோப்பை ஆக்கும். பின்னது ரெண்டர்மேன் இயக்குவதற்கு உரியது. 1995இல் வெளிவந்த, முழுவதும் கணினியால் ஆக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி'யின் பொம்மைகள் இத்தகைய கோப்புகளின் துணையாலேயே பொலிவு பெற்றன.

2016இல் ரெண்டர்மேனின் 21ஆம் பதிப்பு அப்பழைய மொழியைக் கைவிட்டது. அதன் இடத்தில், 2010இல் சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் பொதுவில் வழங்கிய திறந்த ஷேடர் மொழி வந்தமைந்தது. அப்போது 'எஸ்.எல்.ஓ.' கோப்பை மட்டும் வைத்திருந்தவர், புதிய பதிப்பில் இயங்காத ஒன்றையே கையில் வைத்திருந்தவராயினர். மூலத்தைக் காத்தவரோ, அதைப் படித்து, உட்கருத்தை உணர்ந்து, புதிய மொழியில் மீண்டும் எழுத முடிந்தது.

பொறிக்கென ஆக்கியது பொறியோடு பழமையாகிறது. மனிதர் படிக்கவென எழுதியதோ அதனைக் கடந்தும் பயன் தருகிறது. மாணவர்க்குக் கணினி கற்பிப்போர் முதற்பாடமாகவே இதனை உணர்த்துதல் நன்று: செய்து முடித்ததை மட்டுமன்றி, அதன் மூலத்தையும் பேணிக் காக்க வேண்டும்.